மஞ்சளுக்கு அப்புறம் பச்சை

போன மாதம் ஒரு பெரியவர் போன் செய்தார். ரிடையரான போஸ்ட்மாஸ்டர். குரலிலேயே தபால் முத்திரை குத்துகிற அழுத்தம்.

"உங்க இன்டர்நெட் லைப்ரரியில ஒரு சித்த வைத்தியப் புஸ்தகம் படிச்சேன். 'சுக்கைக் கரடியில் அரைத்து'ன்னு போட்டிருக்கு. சுக்குக்குக் கடைக்குப் போகலாம். கரடிக்கு எங்கே சார் போறது?"

"அது காடியா இருக்கும் சார். காடியில் அரைத்து."

"அது எனக்கும் தெரியும். இதுக்கு யார் பொறுப்பு? மேனேஜர்னு ஒருத்தர் இருப்பாரில்ல, அவர் நம்பரைக் குடுங்க."

"மேனேஜர்னு யாரும் இல்ல சார். பக்கத்துக்கு மேலே 'தொகு'ன்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. அதைத் தட்டினா நீங்களே திருத்தலாம்."

"நானேவா? யாரைக் கேட்டுக்கிட்டு?"

"யாரையும் கேட்க வேண்டாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது கவர்மென்ட்டுக்குத் தெரியுமா?" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நூலகம் என்றால் ஒரு நூலகர், ஓர் அட்டெண்டர், 'அமைதி காக்கவும்' என்று ஒரு போர்டு, போர்டுக்கு நேர் கீழே அமைதி காத்தபடி தூங்குகிற ஒருவர் எல்லாம் இருந்தே தீரவேண்டும் என்று பழகிவிட்டோம். தமிழ் விக்கிமூலத்தில் இதில் எதுவும் கிடையாது. விக்கிப்பீடியாவுக்கு உடன்பிறப்பு அது. விக்கிப்பீடியாவில் ஜனங்கள் கூடிக் கட்டுரை எழுதுகிறார்கள். இங்கே ஏற்கெனவே அச்சான பழைய புத்தகங்களை எழுத்துக்கு எழுத்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஏற்றுகிறவர்களுக்கும் காசு கிடையாது என்பது அதன் மறுபக்கம். 2003-ல் விக்கிமூலத்தை ஆரம்பித்தபோது வைத்த பெயர் 'சோர்ஸ்பெர்க்'. குட்டன்பெர்க் என்ற பேரை வைத்துப் பண்ணிய சிலேடை. அதனால்தான் இன்றைக்கும் அதன் சின்னம் ஒரு பனிப்பாறை. தண்ணீருக்குக் கீழே எவ்வளவு கிடக்கிறது என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

சரி, காடி எப்படிக் கரடி ஆயிற்று?

பழைய தமிழ் அச்சில் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் ஏறக்குறைய ஒரே உருவம். மனுஷன் படிக்கும்போது அர்த்தத்தை வைத்துக்கொண்டு படிக்கிறான். மெஷினுக்கு அர்த்தம் என்ற வியாதி கிடையாது. பக்கத்தை ஸ்கேன் எடுத்துக் கொடுத்தால், 'ஓ.சி.ஆர்.' என்கிற ஒரு மென்பொருள் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றித் தரும். (பெயரிலேயே ஓசி இருக்கிறது, கவனித்தீர்களா?) அது தொண்ணூறு எழுத்தை அழகாகப் படித்துவிட்டுத் தொண்ணூற்றொன்றாவது எழுத்தில் காலை வாரும். 'வாதம்' என்பதை 'வரதம்' என்று படிக்கும். கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல். மெஷின் கையில் அது மாணிக்கப் பால். பாண்டியன் சபையில் சிலம்பை உடைத்தால் மாணிக்கம் தெறிக்க வேண்டிய இடத்தில் பால் கொட்டுகிறது.

'வரதம்' பரவாயில்லை, விநோதமாக இருப்பதால் கண்ணில் பட்டுவிடும். பால், கரடி இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். எழுத்துப் பிழை பார்க்கிற எந்த மென்பொருளும் அவற்றை வணக்கம் சொல்லி உள்ளே விட்டுவிடும். ஆங்கிலத்திலும் இதே கதைதான், 'மாடர்ன்' என்ற வார்த்தை 'மோடம்' ஆகிவிடும். ஜேன் ஆஸ்டின் கதையில் மோடம் வந்தால் யார் கண்டுபிடிப்பது? ஒரு மனுஷன் உட்கார்ந்து, இந்தப் பக்கம் படத்தையும் அந்தப் பக்கம் எழுத்தையும் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பார்த்தால்தான் உண்டு.

* * *

இந்தப் பைத்தியக்காரத்தனத்தை ஆரம்பித்துவைத்தவர் மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்கர். 1971 ஜூலை 4. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். நாமாக இருந்தால் தாயக்கட்டம் ஆடியிருப்போம். அன்று மளிகைக்கடையில் சாமானோடு சுதந்திரப் பிரகடனத்தின் நகல் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சுதந்திர தினமாயிற்றே. ஹார்ட் அதை உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அந்தக் கம்ப்யூட்டரில் சின்ன எழுத்துக் கிடையாது, எல்லாம் கொட்டை எழுத்து. எல்லோருக்கும் அனுப்பலாம் என்று பார்த்தால், அந்த 5 கிலோபைட்டை அனுப்பினால் நெட்வொர்க்கே படுத்துவிடும் என்று தடுத்துவிட்டார்கள். இன்று ஒரு 'குட்மார்னிங்' ரோஜாப்பூ படம் அதைவிடப் பல மடங்கு கனம்.

'புராஜெக்ட் குட்டன்பெர்க்' பிறந்தது இப்படித்தான். அவர் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். பத்தாவது புத்தகமாக பைபிள் வந்தபோது வருஷம் 1989. பதினெட்டு வருஷத்தில் பத்து. 2011-ல் ஹார்ட் காலமானார். இன்று அந்த நூலகத்தில் 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன.

பத்து எப்படி இத்தனை ஆயிரம் ஆயிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2000-ல் சார்லஸ் ஃபிராங்ஸ் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு புத்தகத்தை ஒருவரிடம் கொடுத்து "திருத்திக் கொண்டுவா" என்றால், வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். மாப்பிள்ளைக்குக் கடன் கொடுத்த மாதிரி. அதே புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் என்று கொடுத்தால்? ஒரு பக்கம்தானே, யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். 'நாளைக்கு ஒரு பக்கம்' என்பதுதான் அவர்கள் கோஷம். 2002 நவம்பரில் கம்ப்யூட்டர் ஆசாமிகள் கூடும் ஓர் இணையதளத்தில் இதைப் பற்றி ஒரு செய்தி வர, ஒரே நாளில் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் "எனக்கு ஒரு பக்கம்" என்று வந்து நின்றார்கள். அந்தக் கூட்டம் இதுவரை முடித்துக் கொடுத்திருப்பது 40 ஆயிரம் புத்தகங்களுக்கு மேல்.

தமிழில் நாம் பின்தங்கிவிடவில்லை. 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' ஆரம்பமானது. முன்னின்றவர் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் கல்யாணசுந்தரம். பெயர் மதுரை, இருப்பு ஆல்ப்ஸ் மலையடிவாரம், ஏற்றியவர்கள் உலகம் பூராவும். முதல் நூல் திருக்குறள். ஓ.சி.ஆர். எல்லாம் தமிழ் படிக்கக் கற்றுக்கொள்ளாத காலம் அது. ஒவ்வோர் எழுத்தும் கையால் தட்டியது. எழுத்துருத் தகராறு வேறு. 'மயிலை'யில் தட்டினால் மயிலை இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும் தமிழ், மற்றவற்றில் எறும்பு ஊர்வது மாதிரி ஏதோ. பிறகு எல்லாரும் கூடிப் பேசி 'திஸ்கி' என்றார்கள். பிறகு யூனிகோட் வந்தது. ஒவ்வொரு தடவையும் பழையதையெல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். வீடு மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அத்தனை பாத்திரத்தையும் தேய்த்து வைக்கிற மாதிரி. அதையும் சம்பளமில்லாமல்தான் செய்தார்கள்.

* * *

விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கலர் உண்டு. மெஷின் படித்துப் போட்டது போட்டபடி கிடந்தால் சிவப்பு. ஒருவர் உட்கார்ந்து முழுக்கத் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் வந்து மறுபடி ஒரு தரம் பார்த்துச் "சரிதான்" என்றால் பச்சை. இந்த 'இன்னொருவர்' என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். மஞ்சள் ஆக்கியவரே பச்சை ஆக்க முடியாது. பச்சைக்கான பட்டனே அவர் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு பெரிய பண்டிதராக இருந்தாலும் சரி. தான் எழுதிய பரீட்சைப் பேப்பரைத் தானே திருத்திக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லாத ஒரே இடம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதுவாகத்தான் இருக்கும்.

எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கத்துக்குச் சாம்பல் கலர். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் ஆர்வத்தில் இருபது பக்கம் முடித்துவிட்டேன் என்பார்கள். போய்ப் பார்த்தால் இருபதும் சாம்பல்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக நாட்டுடைமையான நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. 2016-ஐ ஒட்டி நடந்தது இது. புத்தகத்துக்குச் சராசரி 200 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை ஒழுங்காகப் பார்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. மஞ்சளுக்குப் பத்து, பச்சைக்குப் பத்து. ஆக ஒரு புத்தகத்துக்கு 66 மணி நேரத்துக்கு மேல். இரண்டாயிரம் புத்தகத்தையும் ஒரே ஆள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினம் அரைமணி என்று உட்கார்ந்தால், சுமார் 730 வருஷம் ஆகும். மார்க்கண்டேயனுக்குக் கொடுக்கலாம், அவன் என்றும் பதினாறு. ஆனால் 730 பேர் தினம் அரைமணி உட்கார்ந்தால் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். கோயில் திருவிழாவில் ஒரு அன்னதானப் பந்திக்கு இதைவிட அதிகம் பேர் வருகிறார்கள்.

வருகிறவர்கள் இத்தனை பேர் இல்லை. சிவப்பை மஞ்சளாக்க வருகிறவர்களாவது உண்டு. அதில் ஒரு சந்தோஷம், முதலில் மிதித்த பாதை என்பது போல. மஞ்சளைப் பச்சையாக்க வருகிறவர் அபூர்வம். ஒருவர் திருத்தி முடித்ததில் மறுபடி தப்புத் தேடுவது என்ன வேலை, மாமியார் வேலை! பத்துப் பக்கம் பார்த்தால் ஒரே ஒரு 'ர' மாட்டும். அந்த ஒரு 'ர'வுக்காகத்தான் அந்தப் பத்துப் பக்கமும்.

* * *

சம்பளம் வாங்காதவரை வேலை வாங்குவது ஒரு தனிக் கலை. கண்டிக்க முடியாது, இன்க்ரிமென்ட்டை நிறுத்த முடியாது. "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் நாளைக்கு வரவே மாட்டார்.

எங்கள் கூட்டத்தில் ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சேர்ந்தார். எழுபது வயதுக்கு மேல். தட்டச்சில் புயல். ஒரே வாரத்தில் நாற்பது பக்கம் மஞ்சள். எல்லோரும் அசந்துபோனோம். பச்சையாக்கப் போன ஒரு கல்லூரிப் பையன் எனக்குச் செய்தி அனுப்பினான்: "அண்ணா, படத்துல 'அபிப்பிராயம்'னு இருக்கு, எழுத்துல 'கருத்து'ன்னு இருக்கு. நான் எதை நம்பறது?"

போய்ப் பார்த்தேன். அபிப்பிராயங்கள் எல்லாம் கருத்தாகியிருந்தன. சந்தோஷம் மகிழ்ச்சியாகியிருந்தது. புஷ்பங்கள் பூராவும் மலர்கள். ஆசிரியர் விட்ட சந்திகளெல்லாம் ஒற்று மிகுந்து கம்பீரமாக நின்றன. தமிழ் என்று பார்த்தால் அருமையான தமிழ். ஆனால் அந்த எழுத்தாளர் எழுதிய தமிழ் அது இல்லை.

போன் செய்தேன். "ஐயா, புத்தகத்தில் எப்படி இருக்கோ அப்படியே விட்டுடணும்னு ஒரு முறை வச்சிருக்கோம்."

"தப்பா இருந்தாலுமா தம்பி?"

"தப்பா இருந்தாலும்தான் ஐயா."

"அவர் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"எழுதிட்டாரே ஐயா."

"முப்பத்தஞ்சு வருஷம் சிவப்பு மையால திருத்தின கை தம்பி இது. பார்த்துட்டுச் சும்மா இருன்னா எப்படி இருக்கும்?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு வாத்தியாரின் வாழ்க்கையே இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாத இடம் இது. நாளைக்கு ஒரு மாணவி உட்கார்ந்து, 'அபிப்பிராயம் என்ற சொல் தமிழில் எந்த வருஷம் வரைக்கும் புழங்கியது' என்று தேடுவாள். அவளுக்கு இந்த நூலகம்தான் சாட்சி. சாட்சி தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொன்னால் கேஸ் என்ன ஆகும்? தவிர, ஓசிப் புத்தகம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. இங்கிருந்து இன்னொரு தளம் எடுக்கும், அங்கிருந்து ஒரு போன் ஆப் எடுக்கும், அதிலிருந்து யாரோ புத்தகமாகவே அச்சுப் போட்டு விலை வைத்து விற்பார். மூலத்தில் திருத்தினாலும் அங்கெல்லாம் போன கரடியைக் கூப்பிட்டால் திரும்பி வராது.

நல்லவேளை, விக்கியில் ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது, எதை என்று பதிவாகிறது. நாற்பது பக்கத்தையும் பழைய நிலைக்குத் திருப்ப முடிந்தது. ஐயா பத்து நாள் ஆளையே காணவில்லை. நாங்கள் கைவிட்டுவிட்டோம். பதினோராவது நாள் அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: "17-ம் பக்கத்தில் அச்சுக் கோத்தவர் 'வண்டு' என்பதை 'வணடு' என்று புள்ளி இல்லாமல் விட்டிருக்கிறார். இது ஆசிரியர் தமிழா, பிரஸ்காரர் தமிழா? இதையும் தொடக் கூடாதா?"

தொடலாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது. அச்சில் உள்ளதை அப்படியே வைத்து, இது அச்சுப்பிழை, சரியான வடிவம் இது என்று அந்த இடத்திலேயே ஒரு குறிப்பு மாட்டிவைக்கலாம். சொன்னதும் ஐயா உற்சாகமாகிவிட்டார். திருத்தவும் வேண்டும், தொடவும் கூடாது என்பதற்கு இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதென்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. இப்போது பச்சையாக்குவதில் எங்களில் அவர்தான் முதல். அந்தக் கல்லூரிப் பையன் மஞ்சள் ஆக்குவான், பின்னாலேயே ஐயா போவார். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பையன் பஸ்ஸில் போகும்போது போனில் செய்கிறான். "இந்தப் பையன் திருப்பத்தில் எல்லாம் ஒற்றை விடுகிறானே" என்று ஐயா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பஸ் திரும்பும்போதோ என்னமோ.

* * *

"சரி சார், சுஜாதா புத்தகம் இருக்கா, பாலகுமாரன் இருக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. இந்திய காப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் காலமான பிறகும் 60 வருஷம் அவர் வாரிசுகளுக்கே உரிமை. முன்பு 50 வருஷமாகத்தான் இருந்தது. தாகூர் 1941-ல் காலமானவர். 1991-ல் 50 முடிகிற நேரம், விஸ்வபாரதி கையில் இருந்த உரிமை போய்விடுமே என்று கவலைப்பட்டு 1992-ல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். தாகூருக்குக் கொடுத்த பத்து வருஷம் இந்தியாவில் உள்ள மற்ற எல்லா எழுத்தாளர்களுக்கும் சேர்த்தே கிடைத்தது. அதனால் எங்களுக்கு ஜனவரி 1 என்றால் காலண்டர் மாற்றுகிற நாள் மட்டும் இல்லை, 60 வருஷம் முடிந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் பார்க்கிற நாள்.

தமிழ்நாட்டில் ஒரு குறுக்கு வழி உண்டு. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு அரசே நூல்களை நாட்டுடைமை ஆக்குவது. பாரதியாரின் பாடல்களுக்கு 1949-ல் அரசு உரிமை வாங்கியதில் தொடங்கிய வழக்கம். மேலே சொன்ன இரண்டாயிரம் புத்தகங்கள் அந்த வழியில் வந்தவை. சட்டம் கதவைத் திறந்துவிட்டது, மெஷின் தன் வேலையை முடித்துவிட்டது. பாக்கி நிற்பது மனுஷக் கண் மட்டும்தான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், யாழ்ப்பாணத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97 ஆயிரம் புத்தகங்களும் ஏடுகளும் போயின. ஈழத்து நூல்களைத் தேடித் தேடி மின்வடிவாக்கும் 'நூலகம்' திட்டத்தை 2005-ல் சில தன்னார்வலர்கள்தான் ஆரம்பித்தார்கள். கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், நினைவு மலர் என்று ஒன்று விடாமல் சேர்க்கிறார்கள். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்பதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும்.

நமக்குத் தீ வேண்டாம். கறையான் போதும், மழைக்கால ஈரம் போதும், "பழைய பேப்பர், இரும்பு" என்று தெருவில் போகிற குரல் போதும்.

* * *

போன வாரம் ஒரு புத்தகம் முடிந்தது. 212 பக்கம். 211 பச்சை. கடைசிப் பக்கம் மட்டும் சிவப்பு.

அது 'எமது இதர பிரசுரங்கள்' என்று பதிப்பகத்தார் போட்ட விலைப்பட்டியல். கதையா, கவிதையா, யாருக்கு வேண்டும் என்று எல்லோரும் ஒதுங்கிப் போய்விட்டார்கள். ஐயா விடவில்லை. அந்தப் பட்டியலில் இருக்கிற பல புத்தகங்கள் இன்று பெயரளவில்கூட எங்கும் இல்லை, இப்படி ஒரு புத்தகம் இருந்தது என்பதற்கே அந்த ஒரு பக்கம்தான் ஆதாரம் என்கிறார். ஆனால் விலையெல்லாம் பழைய குறியீட்டில் இருக்கிறது. காலே அரைக்கால், மாகாணி என்று சுழி சுழியாக. இந்தப் பின்னக் குறிகளை யூனிகோடில் சேர்த்ததே 2019-ல்தான். அதற்கு முன் கம்ப்யூட்டரில் மாகாணியை எழுத ஒரு எழுத்தே கிடையாது. இப்போது எழுத்து இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. ஐயாவுக்கே பாதிதான் பிடிபடுகிறது. "நான் இலக்கணம் தம்பி. கணக்கு வாத்தியார் யாராவது கிடைப்பாங்களா பாருங்க" என்றார்.

உங்கள் வீட்டில் பழைய எண்சுவடியை ஒப்பித்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. 212-ம் பக்கம்.